ஐஸ் வரும் முன், வந்த பின்: பயத்தில் இருக்கும் அண்டை வீட்டாருக்குத் துணை நிற்க முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவில் குடியேறிகளுக்கு உதவ வேண்டும் என்று கிளம்புகிறவர்களின் மனதில் முதலில் வருவது, முகமூடி போட்ட ஐஸ் (ICE, கூட்டாட்சி அரசின் குடியேற்ற அமலாக்கத் துறை) அதிகாரிகள் முன்னால் போனைத் தூக்கிப் பிடித்து நிற்கும் காட்சி. அதற்கும் இடம் உண்டு, ஆனால் சின்ன இடம்தான். பிடிபட்டவர் வீடு திரும்புவாரா மாட்டாரா என்பது பெரும்பாலும் அதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. அவருடைய ஏ-நம்பர் (குடியேற்றத் துறை தரும் அடையாள எண்) யாரிடமாவது எழுதி இருக்கிறதா? வக்கீலின் எண் அவருக்கு மனப்பாடமா? நீதிமன்றக் கடிதம் பழைய விலாசத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறதா? பள்ளியிலிருந்து குழந்தையைக் கூட்டிவர யாருக்கு அனுமதி? கீழே வருவதில் பெரும்பகுதி இந்தக் காகித வேலைதான்.

எடுத்துக்காட்டுகளை நியூ ஜெர்சியை ஒட்டிக் கொடுத்திருக்கிறோம். எடிசன், ஐஸ்லின் பக்கம் தமிழர் நிறையப் பேர் இருக்கிறார்கள். அதே எடிசனின் கிடங்குகளில் 2025 ஜூலையிலும் ஆகஸ்டிலும் ஐஸ் சோதனை நடத்தித் தொழிலாளர்களைப் பிடித்தார்கள். கூட்டாட்சிச் சட்டம் எல்லா மாநிலத்துக்கும் ஒன்று, மாநிலச் சட்டம் மாறும். இதைப் படித்துவிட்டு வக்கீலுக்குப் பதிலாக நாமே இறங்கிவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள்.

முதலில் உங்கள் நிலையைப் பாருங்கள்

உதவுகிறவரே ஹெச்-1பி வேலை விசாவிலோ எஃப்-1 மாணவர் விசாவிலோ இருக்கலாம். எல்லோரும் எல்லா வேலையையும் செய்யக்கூடாது.

குடியுரிமை உள்ளவர்கள் நேரில் சாட்சியாக நிற்கலாம், நீதிமன்றத்துக்குத் துணை போகலாம், ஜாமீன் கட்டலாம், ஆதரவுக் கடிதத்தில் தங்கள் பெயர், விலாசம் போட்டுக் கையெழுத்திடலாம். க்ரீன் கார்டு உள்ளவர்கள் இவற்றில் பெரும்பாலானவற்றைச் செய்யலாம். ஆனால் கைது வரை போகக்கூடிய எதையும் தவிர்க்க வேண்டும், ஏனென்றால் சின்ன வழக்குகூடப் பிறகு குடியுரிமை விண்ணப்பத்தில் வந்து நிற்கும். தற்காலிக விசாவில் இருப்பவர்கள் பின்னணி வேலைக்குப் போகலாம்: மளிகை, மொழிபெயர்ப்பு, படிவத் தேடல், குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது. இதைக் கோழைத்தனம் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். ஆள் குறைவது எப்போதும் பின்னணி வேலையில்தான்.

இன்னொன்று: 18 வயதான, குடியுரிமை இல்லாத, பதிவுபெற்ற ஒவ்வொருவரும் அதற்கான சான்றைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்பது பழைய சட்டம். பல ஆண்டுகளாக யாரும் கண்டுகொள்ளாமல் இருந்ததை 2025 முதல் மறுபடி அமல்படுத்துகிறார்கள். க்ரீன் கார்டு என்றால் அசல் அட்டை. ஹெச்-1பி, ஹெச்-4 என்றால் ஐ-94 (நாட்டுக்குள் வந்ததற்கான பதிவு) அச்சுப்பிரதி அல்லது வேலை அனுமதி அட்டை. உதவப் போகிற அன்றைக்கு இது பர்ஸில் இருக்கட்டும்.

எது குற்றம், எது இல்லை? சாப்பாடு கொடுப்பது, டாக்டரிடம் கூட்டிப்போவது, உரிமைகளைச் சொல்லித் தருவது ஆகியவை சாதாரணமாகக் குற்றமாகப் பார்க்கப்படுவதில்லை. அதிகாரிகள் தேடுகிறார்கள் என்று தெரிந்தே ஒருவரை ஒளித்து வைப்பது, அதிகாரியிடம் பொய் சொல்வது, அவர் வழியை மறிப்பது, போலிக் காகிதம் தயாரிக்க உதவுவது எல்லாம் கூட்டாட்சிக் குற்றங்கள். மாநில எல்லை தாண்டி ஆளைக் கூட்டிப்போகும் யோசனை வந்தால் காரை எடுப்பதற்கு முன் வக்கீலிடம் கேளுங்கள்.

எதைக் கேட்பது, எதைக் கேட்கக்கூடாது

“உங்களுக்கு விசா இருக்கா?” என்று ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். அந்தத் தகவல் உங்களுக்குத் தேவையும் இல்லை. கேட்க வேண்டியது வேறு: “ஏதாவது அவசரம்னா நான் யாருக்குப் போன் பண்ணணும்? பிள்ளைய யார் கூட்டிட்டு வரணும்?” குடியுரிமை உள்ளவரும் தயங்காமல் பதில் சொல்லக்கூடிய கேள்வி இது. அதனால்தான் இது சரியான கேள்வி.

நல்ல மனதோடு செய்யப்படும் பெரிய தவறு, கூகுள் ஃபார்ம் போட்டுப் பெயர், விலாசம், விசா நிலை எல்லாவற்றையும் சேகரிப்பது. அது ஒரு பட்டியல். பட்டியல் இருந்தால் அதைக் கேட்டு சம்மன் வரலாம், போன் தொலைந்தால் வெளியே கசியலாம். யாருடைய குடியேற்ற நிலையையும் எழுத்தில் வைக்காதீர்கள். ஒரு குடும்பத்துக்கு ஒரு பொறுப்பாளர் போதும், அந்தக் குடும்பத்தின் விவரம் அவரிடம் மட்டும் இருக்கட்டும். குழு அரட்டைக்கு சிக்னல் செயலி, செய்திகள் தானாக அழியும்படி வைத்தால் நல்லது. நானூறு பேர் இருக்கும் வாட்ஸப் குழுவில் ‘இந்த அபார்ட்மென்டில் இத்தனை பேர்’ என்று போடுவது உதவி அல்ல.

அவசரக் கோப்பு: ஒரு மாலை வேலை

ஒரு குடும்பத்தோடு உட்கார்ந்து இரண்டு மூன்று மணி நேரத்தில் முடிக்கலாம். அசல் காகிதங்கள் வீட்டில் ஓரிடத்தில், நகல் நம்பகமான ஒருவரிடம். வரிசையாகப் போவோம்.

1. ஏ-நம்பர். குடியேற்றத் துறை கொடுக்கும் ஒன்பது இலக்க எண். நீதிமன்ற நோட்டீஸ், வேலை அனுமதி அட்டை, புகலிட விண்ணப்ப ரசீது இவற்றில் இருக்கும். பழைய காகிதத்தில் எட்டு இலக்கம்தான் இருந்தால் முன்னால் ஒரு சைபர் சேர்க்க வேண்டும். எண்ணே இல்லாதவரும் உண்டு. அதுவும் நல்லதுதான், இதுவரை வழக்கு எதுவும் இல்லை என்று பொருள்பட வாய்ப்பு.

2. வழக்கு இருக்கிறதா என்று பாருங்கள். குடியேற்ற நீதிமன்றத்தின் தானியங்கித் தொலைபேசி 1-800-898-7180. ஏ-நம்பரை அழுத்தினால் அடுத்த விசாரணைத் தேதி, தீர்ப்பு ஏதும் வந்திருக்கிறதா என்பதைச் சொல்லும். தனக்கு வெளியேற்ற உத்தரவு இருப்பதே தெரியாமல் ஆண்டுக்கணக்கில் இருப்பவர்கள் உண்டு. அப்படி வந்தால் பதறாமல் வக்கீலிடம் போக வேண்டும். விசாரணை பற்றிய அறிவிப்பே கையில் கிடைக்கவில்லை என்றால் வழக்கை எப்போது வேண்டுமானாலும் மறுபடி திறக்கக் கேட்கலாம். நோய் போன்ற அசாதாரணக் காரணத்தால் போக முடியவில்லை என்றால் 180 நாள் கெடு.

3. விலாச மாற்றம். அதிகம் பேர் வழுக்கி விழும் இடம் இது. வீடு மாறினால் இரண்டு வெவ்வேறு அலுவலகத்துக்கு இரண்டு வெவ்வேறு படிவம்: குடியேற்ற நீதிமன்றத்துக்கு ஈ.ஓ.ஐ.ஆர்-33, ஐந்து வேலை நாளுக்குள். குடிவரவு சேவைத் துறைக்கு ஏ.ஆர்-11, பத்து நாளுக்குள். ஏ.ஆர்-11 மட்டும் அனுப்பிவிட்டு ‘அரசாங்கத்துக்குச் சொல்லியாயிற்று’ என்று இருந்துவிடுகிறார்கள். நீதிமன்றம் பழைய விலாசத்துக்கே நோட்டீஸ் அனுப்புகிறது, ஆள் வரவில்லை, அவர் இல்லாமலேயே வெளியேற்ற உத்தரவு பிறக்கிறது.

4. வக்கீல். குடியேற்ற நீதிமன்றத்தில் அரசு இலவசமாக வக்கீல் தராது. இலவச, குறைந்த கட்டண அமைப்புகளின் பட்டியலை நீதிமன்றமே வெளியிடுகிறது. நியூ ஜெர்சியில் நூவர்க்கில் இயங்கும் அமெரிக்கன் ஃப்ரெண்ட்ஸ் சர்வீஸ் கமிட்டி, லீகல் சர்வீசஸ் ஆஃப் நியூ ஜெர்சி போன்றவை தடுப்புக்காவலில் இருப்பவர்களுக்கு மாநில நிதியில் வாதாடுகின்றன. வக்கீல் அல்லாத ‘அங்கீகாரம் பெற்ற பிரதிநிதி’களும் உண்டு, முழு அங்கீகாரம் உள்ளவர்தான் நீதிமன்றத்தில் நிற்கலாம், பகுதி அங்கீகாரம் போதாது. டிராவல் ஏஜென்ட், வரிப் படிவம் நிரப்புகிறவர், நோட்டரி முத்திரை வைத்திருப்பவர் யாரும் இந்த வேலைக்கு ஆள் இல்லை. வக்கீல் கிடைத்துவிட்டால், இவர்தான் என் வக்கீல் என்று அறிவிக்கும் ஜி-28 படிவத்தில் முன்கூட்டியே கையெழுத்து வாங்கி வைக்கச் சொல்லுங்கள். அது இல்லாமல் வழக்கைப் பற்றி ஐஸ் வக்கீலிடமே பேச மறுக்கலாம். கூடவே ஐஸ் 60-001 என்ற தனியுரிமை விலக்குப் படிவம்: அதில் கையெழுத்து இருந்தால் எம்.பி. அலுவலகம் விசாரித்தால் பதில் கிடைக்கும்.

5. இரண்டு ஆண்டுச் சான்று. நாட்டுக்குள் வந்து இரண்டு ஆண்டு ஆகவில்லை என்று சொல்லி, நீதிபதியைப் பார்க்காமலேயே அனுப்பும் ‘விரைவு வெளியேற்றம்’ முன்பு எல்லையை ஒட்டியே இருந்தது. 2025 ஜனவரியில் அதை நாடு முழுவதற்கும் விரித்தார்கள், ஆகஸ்டில் ஒரு கூட்டாட்சி நீதிபதி தடுத்தார், வழக்கு தொடர்ந்தது. இந்தப் பாதையில் விழுந்துவிட்டால் மேலே ஏறுவது எவ்வளவு கஷ்டம் என்பது தமிழர் ஒருவரின் வழக்கிலேயே தெரியும். இலங்கைத் தமிழரான விஜயகுமார் துரைசிங்கம் 2017-இல் எல்லையிலிருந்து 25 கஜ தூரத்தில் பிடிபட்டார். தன் புகலிடப் பயத்தைச் சரியாக விசாரிக்கவில்லை என்று அவர் போட்ட ஆட்கொணர்வு மனுவை 2020 ஜூனில் உச்ச நீதிமன்றம் 7-2 என்று நிராகரித்தது. ஆகவே வாடகை ஒப்பந்தம், மின்கட்டண ரசீது, பள்ளிப் பதிவு, மருத்துவமனைக் காகிதம், வரி விவரம் என்று ஆறு மாதத்துக்கு ஒன்றாவது, தேதியோடும் பெயரோடும் சேர்த்து வையுங்கள்.

6. குழந்தைகள். பள்ளியின் அவசரத் தொடர்பு அட்டையில், பிடிபடும் ஆபத்து இல்லாத ஒருவரின் பெயரைச் சேர்க்க வேண்டும். பெற்றோர் இல்லாதபோது பள்ளிக்கும் டாக்டருக்கும் ஒப்புதல் தரும் அதிகாரப் பத்திரம், நியூ ஜெர்சியில் ‘ஸ்டாண்ட்பை கார்டியன்’ (மாற்றுக் காப்பாளர்) ஏற்பாடு, கலிஃபோர்னியாவில் பராமரிப்பாளர் உறுதிமொழி என்று மாநிலத்துக்கு மாநிலம் மாறும். பாட்டி பார்த்துக்கொள்வார் என்ற வாய்ச்சொல் மருத்துவமனையில் செல்லாது. அமெரிக்காவில் பிறந்த குழந்தைக்கு பாஸ்போர்ட் எடுத்து வையுங்கள். 16 வயதுக்குக் கீழே என்றால் தாய் தந்தை இருவரும் நேரில் வர வேண்டும். வர முடியாதவர் டி.எஸ்-3053 படிவத்தில் நோட்டரி முன் கையெழுத்திடலாம். ஒருவர் காவலில் போனபின் அந்தக் கையெழுத்தை வாங்குவது பெரும்பாடு. கட்டணம் 100 டாலரும் அதன்மேல் 35 டாலரும்.

7. பணமும் மருந்தும். வங்கிக் கணக்கு, கார், வாடகை ஆகியவற்றைக் கையாள ஒருவருக்கு அதிகாரப் பத்திரம். வீட்டிலிருந்து கொண்டுபோகும் மருந்தைத் தடுப்பு மையத்தில் பொதுவாக ஏற்கமாட்டார்கள். அதனால் மருந்தின் பெயர், அளவு, நோயின் பெயர் எழுதிய டாக்டர் கடிதம் ஒன்று வேண்டும்.

8. இரண்டு தொலைபேசி எண் மனப்பாடம். பிடித்தவுடன் போனை வாங்கிவிடுவார்கள். மனைவியின் எண்ணைக்கூடச் சொல்லத் தெரியாமல் தவிப்பவர்கள் அதிகம். குழந்தைகளுக்கும் ஓர் எண்.

கதவு தட்டப்படும்போது

வீட்டுக்குள் இருப்பவர் செய்ய வேண்டியது நாலே காரியம்: கதவைத் திறக்காமல் பேசுவது, காகிதத்தைக் கதவடியில் தள்ளச் சொல்வது அல்லது ஜன்னலில் காட்டச் சொல்வது, “ஐ டு நாட் கன்சென்ட் டு யுவர் என்ட்ரி” என்று சொல்வது, பிறகு பேசாமல் இருப்பது. எங்கே பிறந்தார், எப்படி வந்தார் என்பதற்குப் பதில் சொல்லத் தேவையில்லை. பொய் மட்டும் கூடாது.

இப்போது அந்தக் காகிதம். மேலே ‘யுனைடெட் ஸ்டேட்ஸ் டிஸ்ட்ரிக்ட் கோர்ட்’ அல்லது மாநில நீதிமன்றத்தின் பெயர் இருக்க வேண்டும். கீழே ‘ஜட்ஜ்’ அல்லது ‘மாஜிஸ்ட்ரேட் ஜட்ஜ்’ என்ற சொல்லுக்கு மேல் கையெழுத்து. விலாசம் அபார்ட்மென்ட் எண் வரை சரியாக. தேதி காலாவதியாகாமல். இவ்வளவும் இருந்தால் அது நீதிமன்ற வாரண்ட், உள்ளே வர அதிகாரம் உண்டு. அப்படியில்லாமல் தலைப்பில் ‘டிபார்ட்மென்ட் ஆஃப் ஹோம்லேண்ட் செக்யூரிட்டி’ என்றும் மூலையில் ‘ஃபார்ம் ஐ-200’ அல்லது ‘ஐ-205’ என்றும் இருந்தால் அது துறைக்குள்ளேயே ஓர் அதிகாரி கையெழுத்துப் போட்ட நிர்வாக வாரண்ட். ‘இமிகிரேஷன் ஜட்ஜ்’ போட்ட உத்தரவும் நீதிமன்ற வாரண்ட் கணக்கில் வராது. அவர் நீதித்துறை அமைச்சகத்தின் ஊழியர்.

நிர்வாக வாரண்டைக் காட்டி, அனுமதியில்லாமல் வீட்டுக்குள் நுழைய முடியாது என்பதுதான் நீண்டகால நடைமுறை. ஆனால் இறுதி வெளியேற்ற உத்தரவு உள்ளவர்கள் விஷயத்தில் ஐ-205-ஐ வைத்தே கதவை உடைத்து நுழையலாம் என்று 2025 மே மாதம் ஐஸ் எழுதிக்கொண்ட உள்குறிப்பு, 2026 ஜனவரியில் வெளியே வந்தது. ஆகவே ‘கதவைத் திறக்காவிட்டால் ஒன்றும் ஆகாது’ என்று யாருக்கும் உத்தரவாதம் தராதீர்கள். நுழைந்துவிட்டால் தடுக்கக்கூடாது, தள்ளக்கூடாது, ஓடக்கூடாது. சம்மதமில்லை என்பதை மட்டும் உரக்கச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். பின்னால் வக்கீல் பிடித்துக்கொள்ளும் கயிறு அந்த ஒரு வாக்கியம்தான்.

தவறுவது எப்படி? குழந்தை ஓடிப்போய்க் கதவைத் திறக்கிறது. ‘போலீஸ்’ என்று எழுதிய மேற்சட்டையைப் பார்த்து ஊர் போலீஸ் என்று நம்புகிறார்கள். ஒரு போட்டோவை நீட்டி “இவனைத் தேடுகிறோம், வெளியே வந்து பார்க்கிறீர்களா?” என்கிறார்கள், ஆளும் வாசலுக்கு வந்துவிடுகிறார். சங்கிலி போட்டுக்கொண்டு ஓரங்குலம் திறந்தாலும் திறந்ததுதான். இந்த நான்கையும் வீட்டில் ஒருமுறை நடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். இமிக்ரன்ட் லீகல் ரிசோர்ஸ் சென்டர் வெளியிடும் சிவப்பு அட்டைகள் பல மொழிகளில் கிடைக்கின்றன; ஒரு பக்கம் உரிமைகள், மறுபக்கம் அதிகாரியிடம் காட்ட வேண்டிய வாசகம். கதவின் உட்பக்கம் ஒன்று ஒட்டி வைத்தால் பதற்றத்தில் கை கொடுக்கும்.

தெருவில் சாட்சியாக நிற்பவர்களுக்கு

பொது இடத்தில் அதிகாரிகளைப் படம் பிடிப்பது உரிமை. நியூ ஜெர்சியும் பென்சில்வேனியாவும் அடங்கிய மூன்றாவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2017-இல் காவல்துறை விஷயத்தில் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. சட்டம் ஒரு பக்கம், தெருவில் நடப்பது இன்னொரு பக்கம். பின்வாங்கச் சொன்னால் “பின்னால் போகிறேன்” என்று வாயால் சொல்லிக்கொண்டே பின்னால் போங்கள், படம் பிடிப்பதை நிறுத்த வேண்டாம். பிடிபடுபவரின் முகத்தை விட அதிகாரிகளின் பேட்ஜ், வண்டி எண், நேரம், கையாண்ட விதம் முக்கியம். அவரிடம் பெயரையும் பிறந்த தேதியையும் குடும்ப எண்ணையும் கேளுங்கள். எந்த நாட்டுக்காரர் என்று எல்லோர் காதிலும் விழும்படி கேட்காதீர்கள். வீடியோவை உடனே முகநூலில் ஏற்றுவதை விட, குடும்பத்திடமோ வக்கீலிடமோ கொடுப்பது பயன். போனில் முகத்தையும் கைரேகையையும் வைத்துத் திறக்கும் வசதியை அணைத்து, எண் கடவுச்சொல் மட்டும் வையுங்கள்.

வதந்திதான் இன்னொரு எதிரி. எடிசன், ஐஸ்லின் பக்கத்து இந்தியக் கடைத்தெருவான ‘ஓக் ட்ரீ ரோட்டில் ஐஸ் வந்திருக்கு’ என்று ஒரு ஃபார்வர்டு வந்தால் அன்று கடை காலி, டாக்டர் அப்பாயின்ட்மென்ட் ரத்து, பிள்ளைகள் பள்ளிக்குப் போகவில்லை. பார்த்தால் நின்றது நகராட்சி வண்டி. எத்தனை பேர், என்ன செய்கிறார்கள், சரியாக எங்கே, என்ன சீருடை, எத்தனை மணிக்கு, என்ன வண்டி அல்லது ஆயுதம்: இந்த ஆறுக்கும் பதில் இல்லாத செய்தியை அனுப்பாதீர்கள். பயிற்சி பெற்ற ஒருவர் நேரில் பார்த்து உறுதிப்படுத்தும்வரை ‘உறுதியாகவில்லை’ என்றே இருக்கட்டும். அவர்கள் போய்விட்டால் போய்விட்டார்கள் என்பதையும் அறிவியுங்கள். இதை எல்லோரும் மறக்கிறார்கள். வந்த செய்தி மூன்று நாள் சுற்றிக்கொண்டிருக்கும்.

அன்றாடம்

பயம் நீடித்தால் வீட்டைவிட்டு வெளியே வருவதே நின்றுவிடுகிறது. மளிகை வாங்கித் தரலாம். ஆனால் என்ன வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். பெட்டி நிறையப் பாஸ்தாவும் டின் சூப்பும் கொடுத்தால் அரிசி சாப்பிடும் வீட்டில் அது அலமாரியில்தான் கிடக்கும். பள்ளிக்கு நாலைந்து குழந்தைகளை ஒருவர் நடத்திக் கூட்டிப்போகலாம். பள்ளிக்கல்வி எல்லாக் குழந்தைகளுக்கும் உரிமை என்று 1982-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பள்ளி, மருத்துவமனை, வழிபாட்டிடங்களில் கைது செய்வதைத் தவிர்க்கும் கொள்கை 2025 ஜனவரியில் நீக்கப்பட்டது உண்மைதான். அதற்காகத் தடுப்பூசியையும் பிரசவப் பரிசோதனையையும் விடுவது பெரிய ஆபத்து. அப்படிப்பட்ட நாளில் காரோடு துணைக்குப் போங்கள்.

காரில் ஒரு பழுதான பின்விளக்கு பெரிய வழக்கில் கொண்டு விடும். விளக்கு, இன்ஸ்பெக்‌ஷன், இன்சூரன்ஸ் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக் கொடுப்பதும் உதவிதான். நியூ ஜெர்சியில் 2021 மே முதல் குடியேற்ற நிலை பார்க்காமல் சாதாரண ஓட்டுநர் உரிமம் தருகிறார்கள்.

பண உதவி எங்கே சேர்ந்தால் பலன் அதிகம் என்று கேட்டால், அரசுக் கட்டணங்களில் என்போம். 2025 ஜூலைச் சட்டம் புகலிட விண்ணப்பத்துக்கு 100 டாலரும், அது நிலுவையில் கிடக்கும் ஒவ்வோர் ஆண்டுக்கும் 100 டாலரும், முதல் வேலை அனுமதிக்கு 550 டாலரும் விதித்தது. விலைவாசியை ஒட்டி அது ஆண்டுக்காண்டு கூடும். ஆண்டுக் கட்டணத்தைத் தவறவிட்டால் வழக்கே ஆட்டம் காணலாம். நிதியை எப்போதும் இருவர் சேர்ந்து கையாளுங்கள்.

கடை, உணவகம் நடத்துகிறவர்களுக்கு: வாடிக்கையாளர் வரும் இடம் பொது இடம், அதற்குள் யாரும் வரலாம். சமையலறை, குடோன், அலுவலக அறைக் கதவில் ‘பிரைவேட்’ என்று பலகை மாட்டி, உண்மையிலேயே மூடி வையுங்கள். முன்னால் நிற்கும் ஊழியர் “அனுமதி தர எனக்கு அதிகாரமில்லை, முதலாளியிடம் பேசுங்கள்” என்று மட்டும் சொல்லப் பழகட்டும். ஐ-9 (ஊழியருக்கு வேலை செய்ய அனுமதி உண்டா என்று முதலாளி சரிபார்த்து வைக்கும் படிவம்) தணிக்கை நோட்டீஸ் வந்தால் ஆவணங்களை ஒப்படைக்க மூன்று வேலை நாள் அவகாசம் உண்டு. அதே நிமிடத்தில் கோப்பைத் தூக்கிக் கொடுக்க வேண்டியதில்லை.

நீதிமன்றத்துக்குத் துணை

2025 மே முதல் குடியேற்ற நீதிமன்ற வராந்தாக்களிலேயே கைது நடக்கிறது. அரசு வக்கீல் எழுந்து வழக்கைத் தள்ளுபடி செய்யக் கேட்பார். கேட்க நல்ல செய்தி மாதிரி இருக்கும். வெளியே வந்ததும் விரைவு வெளியேற்றத்துக்குப் பிடிப்பார்கள். எனவே போகிறவருக்கு முன்கூட்டியே சொல்லுங்கள்: தள்ளுபடிக்குச் சம்மதமில்லை, எழுத்தில் பதில் தர அவகாசம் வேண்டும், புகலிட வழக்கைத் தொடர விரும்புகிறேன். இந்த மூன்றையும் நீதிபதியிடம் சொல்ல வேண்டும். வீடியோ விசாரணைக்கு வக்கீல் மூலம் முன்பே மனு போட்டால் நேரில் போகும் தேவையே இல்லாமல் போகலாம். பயத்தில் போகாமல் விடுவதுதான் எல்லாவற்றையும் விட மோசம், அன்றே உத்தரவு வந்துவிடும்.

துணை போகிறவர் முந்தின இரவே பெயர், ஏ-நம்பர், வக்கீல் எண், வீட்டு எண் ஆகியவற்றைக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். விசாரணை பெரும்பாலும் பொதுமக்களுக்குத் திறந்தது. பின்வரிசையில் பேசாமல் உட்காருங்கள். கார் சாவி, வீட்டுச் சாவி, போன் யாரிடம் இருக்கும் என்பதையும் முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

பிடித்துவிட்டார்கள்: முதல் 48 மணி நேரம்

முதல் அழைப்பு வக்கீலுக்கு. காரணம் இது: ஆட்கொணர்வு மனுவை ஆள் இருக்கும் இடத்தின் கூட்டாட்சி நீதிமன்றத்தில் போட வேண்டும். நியூ ஜெர்சித் தடுப்பு மையங்களான நூவர்க்கின் டெலனி ஹாலிலோ எலிசபெத்திலோ இருக்கும்போதே மனு பதிவாகிவிட்டால், பிறகு லூசியானாவுக்கோ டெக்சஸுக்கோ மாற்றினாலும் வழக்கு நியூ ஜெர்சியில் நடக்கும். மாற்றிய பிறகு போட்டால் அங்கேதான். நீதிமன்றக் கட்டணம் வெறும் 5 டாலர்; கிடைக்காதது நேரம்.

அடுத்து, ஆள் எங்கே என்று கண்டுபிடிப்பது. ஐஸ் இணையதளத் தேடல் பக்கத்தில் ஏ-நம்பரும் பிறந்த நாடும் போட்டால் காட்டும். ஏ-நம்பர் இல்லாவிட்டால் பெயர் எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும், நம்மவர்களுக்குச் சிக்கலே இங்கேதான். முருகன் செல்வம் என்பவர் செல்வம் முருகன் என்று பதிவாகியிருப்பார். பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் இருந்தவருக்கு விசாவில் முதல் பெயர் ‘எஃப்.என்.யு’ என்று விழுந்திருக்கும். முதல் பெயர்க் கட்டத்தில் அந்த மூன்று எழுத்தைப் போட்டுப் பாருங்கள். முழுப்பெயர் விரிந்த இனிஷியலோடு ஒருமுறை, இனிஷியல் இல்லாமல் ஒருமுறை. தமிழ்நாட்டு முகாமில் பிறந்த இலங்கைத் தமிழருக்குப் பிறந்த நாடு இந்தியா என்றும் இருக்கலாம், இலங்கை என்றும் இருக்கலாம், இரண்டையும் போடுங்கள். 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களை இந்தப் பக்கம் காட்டாது. புதிதாகப் பிடிபட்டவர் பெயர் ஏற நேரமாகும். அதற்குள் அந்த வட்டார ஐஸ் அலுவலகத்துக்குப் போன் செய்துகொண்டே இருக்க வேண்டும்.

அவர் போன் செய்தால் முதலில் சொல்ல வேண்டியது: “வக்கீல் பார்க்காம எதுலயும் கையெழுத்துப் போடாதீங்க.” தானாக வெளியேறச் சம்மதிக்கும் காகிதம், வெளியேற்றத்துக்கு ஒப்புக்கொள்ளும் உத்தரவு இரண்டும் சாதாரணப் படிவம் மாதிரியே நீட்டப்படும். அடுத்தது, அந்த போன் பதிவாகிறது என்பது. எப்போது வந்தார், எப்படி வந்தார் என்று உருக்கமாகப் பேச இது இடமல்ல. ஊருக்குத் திரும்ப பயம் இருந்தால் அந்தப் பயத்தை அதிகாரியிடம் சொல்ல வேண்டும், திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். புகலிடம் கேட்பவருக்காக அவர் நாட்டுத் தூதரகத்தை நீங்களாக அழைக்காதீர்கள். இலங்கை அரசுக்குப் பயந்து வந்தவரின் பெயரை இலங்கைத் தூதரகத்துக்கே கொண்டுபோய்க் கொடுத்த கதையாகிவிடும்.

இதற்கிடையில் மோசடிக்காரர்கள் குடும்பத்தை அழைப்பார்கள், ‘இப்போதே ஸெல் (Zelle) பணச் செயலியில் அனுப்பினால் விட்டுவிடுவார்கள்’ என்று. ஐஸ் அப்படி வாங்காது.

ஆதரவுக் கடிதமும் மொழிபெயர்ப்பும்

விடுவிப்பு மனுவோடு அக்கம்பக்கத்தார் கடிதம் சேர்ப்பார்கள். ‘இவர் நல்லவர், கடவுள் பக்தி உள்ளவர்’ என்று பத்துப் பேர் ஒரே மாதிரி எழுதினால் பயனில்லை. எத்தனை ஆண்டாகத் தெரியும், எப்படித் தெரியும், நீங்களே கண்ட இரண்டு நிகழ்வுகள், விடுவித்தால் எந்த விலாசத்தில் தங்குவார், விசாரணைக்கு யார் கூட்டிவருவார் என்று ஒரு பக்கத்துக்குள் எழுதுங்கள். தேதி, கையெழுத்து, குடியுரிமை அல்லது க்ரீன் கார்டு நகல் சேருங்கள். தன் நிலையே உறுதியில்லாதவர் கடிதம் எழுத வேண்டாம்; அந்த விலாசம் அரசுக் கோப்புக்குள் போகிறது.

தமிழ் தெரிந்தவர்களால் மட்டுமே செய்ய முடிந்த வேலை மொழிபெயர்ப்பு. பிறப்புச் சான்றிதழ், காவல்நிலையப் புகார், கிராம சேவகர் கடிதம் எதுவானாலும் முழுமையாக மொழிபெயர்க்க வேண்டும், சுருக்கக்கூடாது. முத்திரையில் உள்ள எழுத்து, ஓரத்தில் கையால் எழுதிய குறிப்பு, ‘கையெழுத்து தெளிவில்லை’ என்பதும்கூட வர வேண்டும். கடைசியில் ஆங்கிலத்தில் ஒரு சான்று: எனக்குத் தமிழும் ஆங்கிலமும் தெரியும், இந்த மொழிபெயர்ப்பு உண்மையானது, துல்லியமானது, பெயர், கையெழுத்து, விலாசம், தொலைபேசி, தேதி. இது இல்லாத மொழிபெயர்ப்பை நீதிமன்றம் ஒதுக்கிவிடலாம். பெயரின் எழுத்துக்கூட்டலை நீங்களாகத் திருத்தாதீர்கள். ஒரு காகிதத்தில் ‘கந்தையா’, இன்னொன்றில் ‘கந்தையயா’ என்றால் உள்ளது உள்ளபடியே போட்டு அடிக்குறிப்பில் சொல்லுங்கள். திருத்தப்பட்ட பெயரைத்தான் எதிர்த் தரப்பு பிடித்துக்கொள்ளும்.

ஜாமீன்

குடியேற்ற ஜாமீன் குறைந்தது 1,500 டாலர். பலருக்கு அதைப்போல் பல மடங்கு. குற்ற வழக்கில் பத்து சதவீதம் கட்டி வெளியே வருவதுபோல் இங்கே முடியாது, ஐஸிடம் நேரடியாகக் கட்டுகிறவர் முழுத்தொகையும் கட்ட வேண்டும். அனுமதியில்லாமல் எல்லை கடந்து வந்தவர்களுக்கு ஜாமீன் தரக் குடியேற்ற நீதிபதிகளுக்கு அதிகாரமில்லை என்று 2025 செப்டம்பரில் மேல்முறையீட்டு வாரியம் முடிவு செய்தது. கூட்டாட்சி நீதிபதிகள் பலர் அதை ஏற்காமல் ஆட்கொணர்வு மனுவில் விசாரணைக்கு உத்தரவிட்டார்கள். 2025 ஜனவரியில் வந்த லேக்கன் ரைலி சட்டத்தின்படி, அப்படி அனுமதியில்லாமல் வந்தவர் கடையில் திருடியதாகக் குற்றம் சாட்டப்பட்டிருந்தாலே, நிரூபணமாகாவிட்டாலும், கட்டாயத் தடுப்பு. எந்த வழி பொருந்தும் என்பதை வக்கீல்தான் சொல்ல முடியும்.

ஜாமீன் கிடைத்துவிட்டால், கட்டுகிறவர் குடியுரிமையோ க்ரீன் கார்டோ உள்ளவராக, இன்னும் சில ஆண்டுகள் விலாசம் மாறாதவராக இருப்பது நல்லது. வழக்கு முடிந்ததும் பணம் வட்டியோடு அவர் பெயருக்குத்தான் திரும்பும். ஐ-352 ஒப்பந்தமும் ஐ-305 ரசீதும் இல்லாமல் அதை வாங்குவது அலைச்சல். ஊரே சேர்ந்து போட்ட பணம் என்றால், திரும்பி வரும்போது யாருக்கு எவ்வளவு என்பதைக் கட்டும் அன்றே எழுதி இருவர் கையெழுத்திட்டு வையுங்கள். பணம் கட்டியவர் வீடு மாறினால் ஐஸ் அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். விடுதலையானவர் புதிய விலாசத்தில் தங்கினால் ஈ.ஓ.ஐ.ஆர்-33 மறுபடியும், அதே ஐந்து வேலை நாளுக்குள்.